வாசலில் விட்ட கால்

வனிதாவோடு பேச்சு நின்றதிலிருந்து அமராவதிக்கு அந்த வீடு பெரிதாகிப் போயிருந்தது. அதே அடுப்படி, அதே முற்றம்தான். ஆனாலும் ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள நடக்கிற தூரம் கூடிவிட்ட மாதிரி இருந்தது.

எல்லாம் காதுகுத்து அன்று வனிதா சொன்னதில் வந்தது. கோயில் முன்னால் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கினார்கள். வனிதாவின் மகளைத் தூக்கிக்கொள்ள அமராவதி கை நீட்டினாள்.

"அக்காட்ட குடுக்காதீங்க. பூராம் கல்லுப் பாதை, கீழ போட்டுரும்" என்றாள் வனிதா.

சொந்தபந்தம் அத்தனையும் நின்ற இடத்தில். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அமராவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் அன்றோடு முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள்.

பேசாத வீட்டிலும் பேச்சு நடக்கத்தான் செய்யும். அது மாமியார் பொன்னுத்தாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

"சோறு வடிச்சாச்சான்னு கேளுங்கத்தே" என்பாள் ஒருத்தி.

"வடிச்சாச்சுன்னு சொல்லுங்கத்தே" என்பாள் அதே அடுப்பு முன்னால் நிற்கிற இன்னொருத்தி.

"நான் என்ன டெலிபோன் கம்பியா? ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு என் தொண்ட வத்துது" என்று பொன்னுத்தாய் புலம்புவாள்.

இன்று காலையிலும் அப்படித்தான். வனிதா புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். கீரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். டிபன் டப்பாவைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தபோது, அமராவதி மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தே, ஷூ வாரு அந்து போற மாதிரி இருக்கு. புதுக்கோட்ட போயி தச்சுட்டு வாரேன்."

வனிதா நிமிரவில்லை. "அதுக்கு இவுக எதுக்கு அலையணும், கழட்டிக் குடுத்தா நானே தச்சுக் கொண்டாந்துருவேன்னு சொல்லுங்கத்தே."

"கழட்டிக் குடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் நான் எதுல நிக்கிறதுன்னு கேளுங்கத்தே."

வனிதா டப்பாவை டொப்பென்று மூடிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் ஷூ என்று சொல்வது வெறும் ஷூ இல்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு அமராவதியின் இடது கால் சூம்பிப்போனது. தொடை வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலுக்கு மேலும் கீழும் தோல்வார், அடியில் கம்பியோடு சேர்த்துப் பிணைத்த கறுப்பு ஷூ. காலிப்பர் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அதைப் போட்டால்தான் அந்தக் கால் அவளைத் தாங்கும்.

வார் நன்றாகத்தான் இருந்தது. அமராவதிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

போன வருஷமும் தள்ளிப் போனது. அப்போது முதல் வேலையாகப் புருஷனிடம் சொன்னாள். உதயசூரியன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். கீரமங்கலம் மண்டியிலிருந்து பூக்கூடைகளை ஏற்றி ஊர் ஊராக இறக்குவான். கேட்ட அன்று சாயங்காலத்துக்குள் பூ மண்டி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துப் பிள்ளையின் பெயருக்கு இடம் பண்ணினான். "பேரு பெறகு சொல்றேன்ணே. எழுத்து மட்டும் பெருசா இருக்கணும்" என்று ஸ்டிக்கர் கடையிலும் சொல்லி வைத்தான்.

அப்புறம் அது தங்கவில்லை.

கண்ணாடியில் சுரண்டின இடம் மட்டும் அப்படியே கிடந்தது. வேறு எதையும் அவன் அதில் ஒட்டவில்லை. வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் அமராவதியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

இந்தத் தடவை உறுதியாகத் தெரிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தாள். வந்தால் எல்லாருக்கும். போனால் தனக்கு மட்டும். அதனால்தான் கீரமங்கலத்து நர்ஸம்மாவிடம்கூடப் போகாமல், வனிதா போன பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லேடி டாக்டர் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தாள்.

படியில் காலை வைக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க இல்லம்மா. எலும்பு டாக்டர் அடுத்த தெரு."

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். சொன்னவள் கண்ணாடி போட்ட சின்னப் பெண். சட்டையில் இலக்கியா என்று பெயர் குத்தியிருந்தது. பக்கத்தில் கொஞ்சம் மூத்தவள் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் லேடி டாக்டரத்தாங்க பாக்க வந்தேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"கூட யாரு வந்துருக்கா?"

"யாரும் வரலங்க. நான் மட்டுந்தான்."

"அட்டெண்டர் இல்லாம எப்பிடிம்மா? சரி, என்ன பிரச்சன?"

கூடம் நிறைய ஆட்கள். அமராவதி மேசைமேல் குனிந்து மெல்லச் சொன்னாள். "நாள் தள்ளிப் போயிருக்குங்க."

"ஒங்களுக்கா?"

அந்தக் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெறும் ஆச்சரியம்தான். அதுதான் சுருக்கென்று இறங்கியது. முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. அமராவதியின் கை தானாகத் தாலிக்கயிற்றைத் தொட்டது.

போனை வைத்த மூத்தவள் எட்டிப் பார்த்தாள். "எம்மா, செருப்ப வெளிய விட்டுட்டு வரணும். போர்டு இருக்குல்ல?"

"இது செருப்பு இல்லங்க. காலோட சேந்தது. கழட்டுனா நடக்க முடியாது."

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. போன மாசந்தான் டைல்ஸ் போட்டது. இரும்பு பட்டா கீறல் விழுந்துரும். டாக்டர் எங்களத்தான் வைவாங்க."

"மெதுவா நடக்குறேன்ங்க."

"மெதுவா நடந்தா கீறாதா?" என்றாள் மூத்தவள். இலக்கியா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. போனால் இன்னொரு நாள் இன்னொரு பொய் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அமராவதி வாசல்படியில் உட்கார்ந்தாள். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காலை உருவினாள். ஊர்ச் செருப்பெல்லாம் கிடக்கிற தட்டில் அது நிற்கவில்லை. சுவரோரம் சாத்தி வைத்தாள்.

காலிப்பர் இல்லாமல் நடக்க அவளுக்கு ஒரு வழி உண்டு. இடது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து எட்டு வைக்க வேண்டும். அடுப்படியில் புழங்க அது போதும். இந்தக் கூடம் நீளமானது, தரை வழுக்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் தலை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சுவரில் ஓடிய டிவியை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்கள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

பக்கத்து நாற்காலியம்மாள் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். "மகளுக்குப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"மருமகளுக்கா?"

அந்த அம்மாள் முறுக்கு நீட்டினாள். அமராவதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அமராவதி!"

கையைத் தொடையில் ஊன்றி எழுந்தாள். பாதிக் கூடம் வருவதற்குள் வேறு ஒருத்தி உள்ளே போய்விட்டாள்.

"கூப்புட்டா ஒடனே வரணும்ல?" என்றாள் இலக்கியா.

"வந்துக்கிட்டுத்தானங்க இருந்தேன்."

"சரி, உக்காருங்க. அடுத்து கூப்புடுறேன்."

மறுபடி கடைசி வரிசை. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி அவள் வந்து சேர்வதற்குள் இன்னொரு ஆள் கதவைத் திறந்தாயிற்று. மூன்றாவது தடவை உட்காரப் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இங்க நிக்காதீங்கம்மா, மறைக்கிது" என்று மூத்தவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். "யூரின் புடிச்சுக் குடுங்க. டெஸ்ட் பாத்துட்டுத்தான் டாக்டர் பாப்பாங்க. பாத்ரூம் மாடியில."

"கீழ இல்லைங்களா?"

"கீழ இருக்கது ஸ்டாஃப்புக்கு."

மாடிப்படிக்குக் கைப்பிடிகூட இல்லை. அதில் ஏற ஷூ வேண்டும். அமராவதி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசல் கழுவி விட்டிருந்தது. செருப்புகள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன. சுவரோரம் ஒன்றுமில்லை.

கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"இங்கன ஒரு இரும்பு ஷூ சாத்தி வச்சிருந்தேன், பாத்தீகளா?"

"அதுவா? யாருதுன்னு உள்ள கேட்டேன். எலும்பு டாக்டருக்கு வந்தவுக யாராச்சும் மறந்து விட்டுட்டுப் போயிருப்பாக, அங்கிட்டுக் குடுத்து விடுங்கன்னு இலக்கியாப் புள்ள சொல்லுச்சு. போற ஆட்டோவுல குடுத்து விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் அமராவதியின் காலுக்கு இறங்கியது. "அய்யய்யோ. ஒன்னோடதா ஆத்தா?"

அமராவதி மறுபடி அந்தக் கூடத்தைக் கடந்தாள்.

"நான் குனிஞ்சு டோக்கன் எழுதிக்கிட்டு இருந்தேன். பாக்கவே இல்ல" என்றாள் இலக்கியா. "இங்க வர்றவங்க அதெல்லாம் போட்டுருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"காலையில ஒங்ககிட்டதானங்க அதப் பத்திப் பேசுனேன்."

இலக்கியா மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள், "யாரையாச்சும் விட்டு எடுத்தாரச் சொல்லுங்கம்மா. எங்க ஆளுக டூட்டியில இருக்காங்க. டாக்டர் மதியம் எந்திரிச்சுருவாங்க, அதையும் பாத்துக்கங்க" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "இதுக்குத்தான் தொணைக்கு ஆள் கூட்டிட்டு வரணும்ங்கிறது" என்றாள்.

வாசல்படியில், அடுத்தவர் செருப்புகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள் அமராவதி. அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தெருவில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டு போயின. அடுத்த தெரு என்றார்கள். எல்லாருக்கும் அது அடுத்த தெருதான்.

போனை எடுத்தாள். புருஷனுக்குப் போட்டால் காரணம் கேட்பான். விராலிமலையில் அண்ணன் இருக்கிறான், வந்து சேரச் சாயங்காலம் ஆகும். இந்த ஊரில், கூப்பிடு தூரத்தில், அவளுக்கென்று ஓர் ஆள்தான் இருந்தாள்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள் வனிதா.

"என்னவாம்?"

நடுவில் மாமியார் இல்லை. அமராவதிக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"அத்தைக்கு எதுவும்...?" வனிதாவின் குரல் மாறியது.

"அத்தைக்கு ஒண்ணுமில்ல. வனிதா, என் ஷூவக் காணோம். அடுத்த தெருவுல எலும்பாஸ்பத்திரி இருக்காம், அங்க குடுத்து விட்டுட்டாகளாம். வெறுங்கால்ல உக்காந்துருக்கேன்."

"எங்கன உக்காந்துருக்க?"

ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி நைட்டியில் வேறு கலர் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"அங்கனயே இரு. வாரேன்."

"நான் எங்க போகப் போறேன்" என்றாள் அமராவதி.

வனிதா வந்தபோது கடைப் புடவையின் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. காலிப்பரைத் தோளில் சாத்திக் கையால் அணைத்துப் பிடித்திருந்தாள், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி. அமராவதி இருந்த இருப்பையும், சுற்றிக் கிடந்த செருப்பையும், இடுப்பில் செருகியிருந்த டப்பாவையும் பார்த்தாள். கீழே உட்கார்ந்து வார்களை மாட்ட ஆரம்பித்தாள்.

"மேல் வாரு மொதல்ல" என்றாள் அமராவதி.

வனிதா அவிழ்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தரை கீறுமென்று ஷூவைக் கழற்றச் சொன்னதை அமராவதி சொன்னாள். வனிதா எழுந்து, தன் செருப்பைக் கழற்றாமல் டக் டக்கென்று உள்ளே நடந்தாள். பின்னால் அமராவதி காலிப்பரோடு நடந்தாள்.

"மேடம், மேடம்! செருப்பு!" என்றாள் இலக்கியா.

"கண்ணாடிய வாசல்ல வச்சுட்டு வாம்மா, பேசுவோம்."

"என்னங்க?"

"தரையில கீறல் விழுந்துரும்னு கால வாசல்ல விடச் சொன்னீகள்ல? நீ கண்ணாடிய விட்டுட்டு வா. டோக்கன எப்புடிப் பாக்குறேன்னு நானும் பாக்குறேன்."

முறுக்கு அம்மாள் சத்தமாகச் சிரித்தாள். மூத்தவள் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தைப் பதவிசாக வைத்துக்கொண்டு வனிதாவைப் பார்த்து, "கோவப்படாதீங்க மேடம். நீங்கதான் அட்டெண்டரா? மொதல்லயே வந்துருந்தா பிரச்சனையே இல்ல. இவங்களுக்கு எத்தன நாள் தள்ளியிருக்கு?" என்றாள்.

வனிதா மெல்லத் திரும்பி அமராவதியைப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாதாரணமாக எடுத்து வைக்கப்பட்டுவிட்டது.

"அவுகளக் கேளுங்க" என்றாள் வனிதா. "ஒங்க முன்னாலதான நிக்கிறாக."

கீழே இருந்த பாத்ரூமின் சாவியை மூத்தவளே எடுத்து நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் பெயரையும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை யாரும் முந்தவில்லை.

"நான் உள்ள வரவாக்கா?"

"வேணாம். நீ இங்கிட்டு இரு."

டாக்டர் களைத்துப் போயிருந்தார். "ஒங்க பேரு காலையிலயே இருந்துச்சே. எங்க போயிட்டீங்க?" என்றார்.

"வாசல்ல இருந்தேன் டாக்டர்."

ஸ்கேன் கட்டிலில் ஏறிப் படுத்தாள். வாசலில் நடந்ததை அங்கே படுத்துக்கொண்டு சொன்னால் அழுதுவிடுவாள். ஸ்கேன் திரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சாம்பல் நிறம். அதற்குள் டாக்டர் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

"பை தெரியுது. ஆனா துடிப்பு இன்னும் தெரியல. நாள் கம்மியா இருக்கதாலயும் இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

"நிக்குமா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. ஆசையும் வளத்துக்காதீங்க, பயமும் வேணாம். கூட யாரு இருக்காங்க வீட்டுல?"

"எல்லாரும் இருக்காக" என்றாள் அமராவதி.

வெளியே வந்தபோது கூடம் காலியாகியிருந்தது. இலக்கியா தலையைக் குனிந்து டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அமராவதி கடந்து போகிற வரைக்கும் அடுக்கினாள்.

வனிதா வாசல் நிழலில் நின்றாள்.

"என்னக்கா சொன்னாக?"

"ரெண்டு வாரம் போகட்டும்னாக. பை இருக்காம், துடிப்பு இல்லையாம். யாருக்கும் தெரிய வேணாம் வனிதா. ஒங்க மாமாவுக்குக்கூட. அவரு போன தடவ கண்ணாடியச் சுரண்டுனது மாதிரி இன்னொரு தடவ ஆனா நான் தாங்க மாட்டேன்."

வனிதா தெருவைப் பார்த்தாள்.

"என்னடி?"

"கோவிச்சுக்காதக்கா. வெறுங்கால்ல உக்காந்துருக்கேன்னியா, எனக்கு என்ன செய்றதுன்னு ஓடல. மாமாவுக்குப் போன் போட்டுட்டேன். அக்கா இந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"மட்டுந்தானா?"

"லேடி டாக்டர் ஆஸ்பத்திரியான்னு அவரு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. ஆமான்னேன்." வனிதா முந்தானை நுனியைத் திருகினாள். "அக்கா, அன்னைக்குக் கோயில்ல நான்..."

"இப்ப வேணாம் வனிதா."

தெருமுனையில் குட்டியானை திரும்பியது. பூக்கூடைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்தது. ஆனாலும் சம்பங்கி வாசனை அதற்கு முன்னால் வந்து சேர்ந்தது. முன் கண்ணாடியில் சுரண்டின இடம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் உதயசூரியனின் முகம். அந்த முகத்தை அமராவதி போன வருஷம், சேதி சொன்ன அன்று, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாய் வரைக்கும் வந்த கேள்வியைக் கேட்காமல் செருப்பு போர்டைப் பார்த்தான். ஆஸ்பத்திரிப் படியில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால், அதற்குண்டான மரியாதையோடு கேட்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, சட்டென்று குனிந்து தன் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தான். அவசரத்தில் வார் மாட்டிக்கொண்டது.

அமராவதி அவன் உச்சந்தலையைப் பார்த்தபடி நின்றாள். தலைமுடியில் ஒரு சம்பங்கி இதழ் ஒட்டியிருந்தது. அவன் நிமிர்கிற வரைக்கும்தான் அவளுக்கு நேரம் இருந்தது.